ஓடும், இல்லாவிட்டால் நிற்கும்

மே 5, செவ்வாய்

கணினி இன்றும் தானாக அணைந்துவிட்டது. அணைவதற்கு முன் திரையில் கண்ட வெப்பம் தொண்ணூற்றேழு டிகிரி. கோயமுத்தூர் கணபதியில் இந்த மாதம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை கழுவ முடியவில்லை. மூடிய அறைக்குள் ராப்பகலாகக் கணக்குப் போடும் இயந்திரம் என்ன செய்யும்?

நெறியாளர் இம்மானுவேல் சார் தொலைபேசியில் பேசினார். ஜூன் 30-க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்து. இனி நீட்டிப்பு கிடையாது என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்களாம். "பதினொரு வருஷம் ஆச்சு மேடம். நானே அடுத்த வருஷம் ரிட்டயர்டு" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பாக்கி ஒரே ஒரு கணக்குதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று, கணவாயைத் தாண்டியதும் பிற்பகலில் சட்டென்று மேலே எழுகிறது என்பது என் ஆய்வின் மையம். எழுகிறதா இல்லையா என்று இந்தக் கணினி சொல்ல வேண்டும். இரண்டரை வாரம் நிற்காமல் ஓடினால் சொல்லிவிடும். ஆனால் சூடு ஏறினால் முதலில் தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறது. அதுவும் போதாவிட்டால் அணைந்துவிடுகிறது.

அனிமேஷன் ஸ்டுடியோ ஒன்றை மூடியபோது வாங்கியது இது. விற்ற பையன், "ஓவர்க்ளாக் பண்ணியிருக்கேன் மேடம், கம்பெனி குடுத்ததை விட ஸ்பீடு ஜாஸ்தி" என்று பெருமைப்பட்டான். நான் நம்பவில்லை. ஒரு சிறு கணக்கை அந்த வேகத்தில் இரண்டு முறை ஓட்டி, இரண்டு விடைகளையும் கடைசி இலக்கம் வரை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

என் கணவர் மதியமே வீட்டில் இருந்தார். பம்ப் கம்பெனியில் சேர்ந்த நாள் முதல் டெஸ்டிங் பகுதியில்தான் இருக்கிறார். வாரநாளில் லீவு எடுத்து நான் பார்த்ததில்லை. கேட்டதற்கு, "லீவு சும்மா கெடக்குது, எடுத்தேன்" என்றார். கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே கை வைத்துப் பார்த்தார்.

"காத்தடிச்சு இந்தச் சூட்ட எறக்க முடியாது அம்மிணி. தண்ணி ஓட்டோணும்."

மே 7

அவர் சொன்னதை நேற்று முழுக்கப் படித்துப் பார்த்தேன். உண்மையிலேயே செய்கிறார்கள். கணக்குப் போடும் சில்லின் மேல் ஒரு தாமிரத் தட்டை வைக்கிறார்கள். அதனுள் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு, குழாய் வழியாகக் கார் ரேடியேட்டர் போன்ற ஒன்றுக்குப் போய் ஆறி, சின்னத் தொட்டியில் விழுந்து, பம்ப் வழியாகத் திரும்பவும் தட்டுக்கு வருகிறது. கொள்கையளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மின்சாரப் பலகைக்கு மேலே தண்ணீர் ஓட்டுகிறோம் என்பதைத் தவிர.

இன்றும் லீவு.

மே 9, சனி

பொருள்கள் வந்தன. சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பிவிட்டார். பம்ப் மட்டும் அவர் வாங்கவில்லை.

"செட்டாவே விக்கறாங்களே, அதையே வாங்கியிருக்கலாம்."

"கோயமுத்தூர்ல இருந்துட்டு வெளியூர் பம்ப்ப வீட்டுக்குள்ள வெச்சா, நாளைக்கு எவனாச்சும் என்ற மூஞ்சில முழிப்பானா?"

அவர் கம்பெனியில் சோலாருக்காக எப்போதோ செய்து பார்த்து, விற்காமல் போன ஒரு குட்டிப் பம்ப் அலமாரியில் கிடந்தது. அதைத் துடைத்து மேசை நடுவில் வைத்தார். நீர் அளவையும் அழுத்தத்தையும் அளந்து காட்டினார். போதும். தேவைக்கு மேலேயே இருக்கிறது. சரி என்றேன். முகம் மலர்ந்தது. மறுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

மே 10

தண்ணீர் ஊற்றும் நாள். காலையில் ஒரு குடம் சிறுவாணிக் குடிநீரைத் தனியே எடுத்து வைத்திருந்தார்.

"இது ஆகாது. பேட்டரிக்கு ஊத்தற காய்ச்சி வடிச்ச தண்ணிதான் வேணும்."

"சிறுவாணிய விட சுத்தமான தண்ணி உலகத்துல எங்க இருக்குது?"

"குடிக்கறதுக்குச் சரி. இதுல துளி உப்புகூட இருக்கக் கூடாதுங்க. நாள்பட்டா உள்ள படியும்."

"சிறுவாணியில உப்பா? மெதுவாச் சொல்லு. பக்கத்து வீட்டுக்காரங்க காதுல விழுந்தா ஊர விட்டே தள்ளி வெச்சிருவாங்க."

கடைக்குப் போய் இரண்டு கேன் வாங்கி வந்தார். கணினிக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்ப்பை மட்டும் ஓட்டினோம். ஒவ்வொரு மூட்டின் அடியிலும் டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்தேன். குழாயில் காற்றுக் குமிழ்கள் ஒவ்வொன்றாகத் தொட்டிக்கு வந்து வெடித்தன. அவர் நாற்காலியைப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு மூட்டின் அடியில் காகிதம் நாணயம் அளவுக்கு நனைந்திருந்தது.

அவரிடம் காட்டினேன். துளிக்கூடப் பதறவில்லை.

"சொட்டு வர்றது நல்லதுதான். கயிறு வெச்சு அடைக்கற கிளாண்டு பம்ப்புல சொட்டுச் சொட்டா விழுந்தாத்தான் உள்ள சுத்தற சாஃப்ட்டு சூடாகாம இருக்குதுன்னு அர்த்தம். சொட்டே இல்லீனா நான் பம்ப்ப பாஸ் பண்ண மாட்டேன்."

"இதுக்குக் கீழ மதர்போர்டு இருக்குதுங்க."

சற்று யோசித்தார். பிறகு பெட்டியிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்தார்.

மே 11

இந்த மூட்டுகளைக் கையால் மட்டுமே திருக வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம்தான் தண்ணீரைத் தடுக்கிறது, முறுக்குவதால் பயனில்லை. செய்முறைத் தாளில் தெளிவாக இருக்கிறது. அவர் எல்லா மூட்டுக்கும் வெள்ளை டேப் சுற்றி ஸ்பேனர் போட்டிருந்தார். ஒழுகிய மூட்டைக் கழற்றினேன். வளையம் நசுங்கி இருந்தது. புதியதைப் போட்டுக் கையால் திருகினேன். காகிதம் உலர்ந்தே இருந்தது. மற்றதெல்லாம் ஒழுகாததால் விட்டுவிட்டேன்.

மாலையில் கணக்கைத் தொடங்கினேன். முழு வேகம். அறுபத்தொன்று.

மே 12

அறுபத்தொன்று.

அவர் மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். நன்றாக இருக்கிறது என்று ஒரு முறை சொன்னேன்.

மே 16, சனி

கணக்கு ஓடுகிறது. கல்லூரித் தேர்வுத்தாள் திருத்தும் வேலைக்குத் திங்களிலிருந்து போக வேண்டும்.

முற்பகலில் குமரேசன் வந்திருந்தார். இவருடைய பகுதியில் வேலை பார்ப்பவர். இவர் குழாய்க்கு ஏதோ வாங்கக் காந்திபுரம் போயிருந்தார்.

"அண்ணன் இல்லீங்ளா அக்கா?"

"வெளிய போயிருக்காருங்க. உள்ள வாங்க."

"இல்லீங்க்கா, கெளம்பறேன். அண்ணனோட சாமானெல்லாம் லாக்கர்லயே கெடந்துச்சு. லாக்கர எடுத்துட்டு வேற என்னமோ வெக்கறாங்களாமா. அதான் கொண்டாந்தேன்." பையைக் கீழே வைத்தார். "அண்ணன் சொல்லியிருப்பாருங்ல்ல?"

"சொன்னாரு."

"எங்களுக்கே மனசு கேக்கலீங்க்கா."

மோர் கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

பையில் டிபன் கேரியர், ஷூ, இடுக்கி, ஒரு துண்டு, கண்ணாடிக் கூடு. துண்டைத் துவைத்துப் போட்டேன். பையை மாடிப்படிக்குக் கீழே, பழைய மிக்ஸிக்குப் பின்னால் வைத்தேன்.

மதியம் வெண்டைக்காய்ப் பொரியல்.

மே 19

தாள் திருத்தி முடித்து வந்தபோது தலை வலித்தது. அவர் சாதம் வைத்து ரசமும் வைத்திருந்தார். ரசத்தில் பெருங்காயம் அதிகம். கணினி ஓடிக்கொண்டிருந்தது. இன்று வெப்பம் அறுபத்தெட்டு, வெயில் ஏறியிருக்கும்.

"நாளைக்கும் லீவா?" என்று கேட்டேன்.

"ஆமா. மொத்தமா எடுத்துட்டேன்."

மே 26, செவ்வாய்

கணக்கு முடிந்துவிட்டது. வியாழனன்றுதான் முடியும் என்று நினைத்திருந்தேன்.

காற்று எழுகிறது. கணவாயின் கிழக்கு வாயில், பிற்பகலில், நான் பதினொரு வருடமாகச் சொல்லிவரும் அதே இடத்தில். படமாக வரைந்து பார்த்தபோது, பூண்டி மலைக்குத் தெற்கே ஒரு தூண் போல நின்றது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுதானா?" என்றார். "இதுதான்." வெளியே போய் ஜிலேபி வாங்கி வந்தார்.

இம்மானுவேல் சாருக்குப் படத்தை அனுப்பினேன். உடனே அழைத்தார். "எழுதி முடிச்சுடுங்க மேடம். இனி ஒரு நாளும் வீணாக்காதீங்க."

மே 28

இரண்டு நாள் முன்பாக எப்படி முடிந்தது? கணக்கின் அளவு மாறவில்லை. வேகம் மாறவில்லை. நேற்று முழுக்க இதே நினைப்பு.

இன்று காலை அதே சிறு கணக்கை எடுத்து இரண்டு முறை ஓட்டினேன். ஒரே இயந்திரம், ஒரே உள்ளீடு. இரண்டு விடை வந்தது. தொடக்கத்தில் கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபாடு. போகப்போக வேறுபாடு பெருகிக்கொண்டே போகிறது. மூன்றாம் முறை ஓட்டினேன். மூன்றாவதாக ஒரு விடை.

அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். சில்லின் வேகம் நான் விட்டிருந்த இடத்தில் இல்லை.

அவர் வாசலில் வண்டித் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வேகத்தை ஏத்தினீங்களா?"

"ஒரே ஒரு படி. நீ பேப்பர் திருத்தப் போனயே, அன்னிக்கு. கடைக்காரப் பையன் போன்ல சொல்லிக் குடுத்தான். மறுபடி ஓட்டி விடறதுக்கு நீ தட்டறத நான் தெனமும் பாத்துட்டுத்தான இருக்கேன்?"

"என்கிட்ட சொல்லலியே."

"அறுவதுதான காட்டுச்சு? எடம் இருக்குதேன்னு ஏத்துனேன். சீக்கிரமா முடிஞ்சா உனக்கு நல்லதுதான? ஓடுச்சில்ல? எங்கியாச்சும் நின்னுச்சா?"

"நிக்கல. தப்பா ஓடிச்சு."

சிரித்தார். "மிசினு தப்பா எப்புடி ஓடும்? ஒன்னு ஓடும், இல்லாட்டி நிக்கும். லோடு அதிகமானா ட்ரிப் ஆகும், காயில் கருகும். பம்ப்பு தப்பான தண்ணியவா வெளிய தள்ளும்?"

அவரை உள்ளே கூட்டிவந்து மூன்று விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எண்களைப் படித்துப் பழகிய மனிதர். விரலை வைத்து வரிவரியாகப் போனார். மூன்றும் பிரியும் இடத்தில் விரல் நின்றது.

"அப்ப இதும் தப்புப் பண்ணுமா?"

"பண்ணும்."

"நிக்காமயே?"

"நிக்காமயே. ஒரு சத்தமும் இல்லாம, அழகா படம் போட்டுக் காட்டும்."

"நெசமாத்தான சொல்ற?"

என் பதினொரு வருட வேலையைக் கெடுத்துவிட்டோம் என்ற வருத்தம் அவர் முகத்தில் இருக்கும் என்று பார்த்தேன். இருந்தது. கூடவே வேறொன்றும் இருந்தது. அது என்ன என்று நான் கேட்கவில்லை.

பிழைக்கு என் விருப்பம் எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. சரியாக நான் கேட்ட இடத்தில் காற்றை எழுப்பியிருக்கிறது. அல்லது நான் அந்த இடத்தை மட்டும் பார்த்தேன்.

மே 30

இம்மானுவேல் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"உங்க சினாப்சிஸ்ல காற்று எழும்னுதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார்."

"எழுந்திருக்கு. அப்புறம் என்ன? யாரு மேடம் உங்க வீட்டுக் கம்ப்யூட்டரைத் திரும்ப ஓட்டிப் பார்க்கப் போறாங்க?"

யாரும் பார்க்க மாட்டார்கள். அவர் சொன்னதில் தவறில்லை.

மே 31

பரணைச் சுத்தம் செய்தேன்.

ஜூன் 1

திரைச்சீலைகளைத் துவைத்தேன். கணினியின் வேகத்தைப் பழைய இடத்துக்கு இறக்கினேன். சிறு கணக்கை இரண்டு முறை ஓட்டினேன். விடைகள் ஒத்துப்போயின. ஆகவே வேகம்தான் காரணம். பெரிய கணக்கைத் திரும்ப ஓட்ட நாள் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

ஜூன் 2

ஐந்தாம் அத்தியாயம் எழுதினேன். தூண் போல எழும் காற்றைப் பற்றி. பதினான்கு பக்கம். தங்குதடையில்லாமல் வந்தது.

ஜூன் 3

அத்தியாயத்தைத் திருத்தினேன். நல்ல பக்கங்கள்.

ஜூன் 4

தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"எப்ப மறுபடி ஓட்டற?" என்றார்.

"பார்க்கலாம்."

"பாக்கலாம்னா? நாள் போயிட்டிருக்குதில்ல?"

"சார் வேண்டாங்கறார்."

"தப்பு பண்ணுதுன்னு கண்டுபுடிச்சது நீ. அவரா கண்டுபுடிச்சாரு? கெடுத்தது நான். இன்னிக்கே போடு. நான் பக்கத்துல இருந்து பாத்துக்கறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க இவ்வளவு அவசரம்?"

தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கணினிப் பக்கம் போய் நின்றார். அவர் நின்றதால் தொடங்கினேன். தடங்கல் இல்லாமல் ஓடினால் 21 அல்லது 22-ஆம் தேதி முடியும். எழுத, அச்சிட, கட்ட ஒரு வாரம். எங்கேயாவது தடங்கினால் அவ்வளவுதான்.

ஜூன் 7

மேற்கிலிருந்து காற்று வந்துவிட்டது. மாடியில் காயப்போட்ட துணி இரண்டு வீடு தள்ளிக் கிடந்தது. கணினி ஐம்பத்தாறு. அவர் அறையின் மேற்கு ஜன்னலைத் திறந்து ரேடியேட்டரை அதற்கு நேரே நகர்த்தி வைத்தார்.

ஜூன் 11

இதுவரை வந்ததை மட்டும் எடுத்துப் படம் வரைந்தேன். காற்று வருகிறது, போகிறது. எழுச்சி என்று சொல்ல ஒன்றுமில்லை. இன்னும் நாள் இருக்கிறது.

பழைய விடை தனிக் கோப்பில் இருக்கிறது. அதை அழிக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஜூன் 13, சனி

அவர் மதியம் சிங்காநல்லூர் போனார், மோட்டார் காயில் கட்டும் ஒருவரைப் பார்க்க. எதற்கு என்று சொல்லவில்லை.

மூன்று மணி வாக்கில் அறைக்குள் போனேன். தாமிரத் தட்டுக்கு மேலே இருக்கும் மூட்டில், குழாயைச் சுற்றி மினுமினுவென்று ஒரு வளையம். பார்த்துக்கொண்டே இருந்தபோது வளையத்தின் அடிப்பகுதி கனத்துத் துளியானது. துளி விழுந்தது. அடியில் மடித்து வைத்த காகிதம் அதைக் குடித்தது. காகிதத்துக்கு ஒரு விரல் கீழே பலகை.

இது முன்பு ஒழுகிய மூட்டு அல்ல. அவர் ஸ்பேனர் போட்டு, நான் கழற்றாமல் விட்ட மூட்டுகளில் ஒன்று.

கணினி ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு. அணைக்கும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அணைத்தால் கணக்குக்கு நஷ்டம் இல்லை. காலை வரை வந்ததெல்லாம் சேமிப்பில் இருக்கிறது. அணைக்காவிட்டால் பலகையோடு சேர்ந்து அதுவும் போகும். புதிய இயந்திரம் வாங்கி மறுபடி ஓட்ட நேரம் இருக்காது. அப்புறம் கையில் இருப்பது பழைய விடை மட்டும்தான். அதன் பிரதி கல்லூரிக் கணினியிலும் இருக்கிறது.

பால் காய்ச்ச வேண்டியிருந்தது. சமையலறைக்குப் போனேன்.

அடுப்பை மெதுவாக வைத்தேன். பால் காயும்வரை அங்கேயே நின்றேன். ஜன்னல் வழியாக எதிர்வீட்டு முருங்கை காற்றில் வளைந்து வளைந்து நிமிர்ந்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது; துடைத்தேன். பிறகு பாத்திரத்தைத் தேய்த்தேன்.

வண்டிச் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றியதும் வழக்கம்போல நேராக அறைக்குள் போனார். அடுத்த நொடியே, "வசு!" என்று ஒரு சத்தம். திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் அப்படிக் கத்திக் கேட்டதில்லை. நான் போவதற்குள் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டிருந்தார். மூட்டின் கீழே உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நின்றார். கையில் தண்ணீர்.

"பேப்பர எடு. மெதுவா. போர்டு மேல பட்டுராம."

எடுத்தேன். நான்கு மடிப்பும் ஊறி, கனமாக இருந்தது. கீழ் மடிப்பின் விளிம்பில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. பலகை மேல் ஈரம் இல்லை.

"எத்தன நேரமாச் சொட்டுது?"

"இப்பத்தான் பார்த்தேன்."

என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார்.

ஜூன் 14

காலையிலேயே உட்கார்ந்து எல்லா மூட்டையும் கழற்றினோம். வெள்ளை டேப்பையெல்லாம் அவரே உரித்தார். நசுங்கிய வளையங்களை மாற்றிக் கையால் திருகினார். பெரிய கைகள்; அளவாகத் திருக அவருக்குச் சிரமமாக இருந்தது. பம்ப்பை மட்டும் ஓட்டிவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். காகிதங்கள் உலர்ந்தே இருந்தன.

"வசு. என்னய ஏப்ரல்லயே வேலைய விட்டு அனுப்பிட்டாங்க."

"தெரியும்."

"குமரேசன் சொன்னானா?"

"பையை மட்டும் குடுத்தார். மாடிப்படிக்குக் கீழே இருக்கு."

திரும்பிப் பார்த்தார். "மாசம் ஒன்னாகுது. ஒரு வார்த்தை கேக்கலியே நீ?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

ஒரு மூட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார். புது டெஸ்ட் பெஞ்ச் வந்திருக்கிறதாம். பம்ப்பை மாட்டிவிட்டால் கணினியே தண்ணீரையும் அழுத்தத்தையும் அளந்து, அதுவே பாஸ் போட்டுவிடுமாம். இவர்கள் ஐந்து பேர் செய்த வேலை.

"மொதலாளியோட பையன் வந்து கையப் புடிச்சுக்கிட்டாப்ல. 'அண்ணா, மனுசன் கண்ணு தப்பு பண்ணும். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுங்கண்ணா'ன்னாரு. நானும் நெசந்தானேன்னு எந்திரிச்சு வந்துட்டேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசுல. பேசறதுக்கு என்ன இருக்குது? அது தப்பு பண்ணாதில்லன்னு நெனச்சேன்."

நான் அவர் தோளில் கை வைத்திருக்கலாம். காகிதங்களைச் சரிபார்த்தேன்.

"நேத்து அந்தப் பேப்பரு நாலு மடிப்பும் நனஞ்சிருந்துச்சு" என்றார். வேறு எங்கோ பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"ஆமா."

"செரி."

அவ்வளவுதான். எழுந்து சுவரில் பிளக்கைச் செருகினார். நான் எப்போது பார்த்தேன் என்று அவர் கேட்கவில்லை. இங்கே மட்டும் எழுதியிருக்கிறேன்.

சேமித்த இடத்திலிருந்து கணக்கு தொடங்கியது.

ஜூன் 15

பழைய விடையை அழித்தேன். காலையில் கல்லூரி திறந்ததும் அங்கிருந்த பிரதியையும். ஐந்தாம் அத்தியாயத்தையும்.

ஜூன் 18

அவர் அறையிலேயே பாயைப் போட்டுக்கொண்டார். பேப்பர் படிப்பது, காய் நறுக்குவது எல்லாம் அங்கேதான். "கம்பெனியில பம்ப்பு டெஸ்ட் பண்ற எடத்துல இருக்கறாப்லயே இருக்குது" என்றார். பிறகு, "அங்க இத்தன அமைதி இருக்காது" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு மற்ற அத்தியாயங்களை முடிக்கிறேன். ஐந்தாவதற்கு இடம் விட்டிருக்கிறேன்.

ஜூன் 22, திங்கள்

முடிந்தது. கல்லூரியிலிருந்து வந்ததும் பார்த்தேன்.

காற்று எழவில்லை. சில நாள் கொஞ்சம் எழுகிறது. அது வேறு எங்கும் எழுவது போலத்தான். தூண் இல்லை. சிறு கணக்கை மறுபடி இரண்டு முறை ஓட்டினேன், ஒத்துப்போகிறது. ஆகவே இதை நம்ப வேண்டும்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போன பிறகு குடித்தேன்.

ஜூன் 23

இம்மானுவேல் சார் வீட்டுக்கே போனேன். படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சினாப்சிஸ்ல ஒன்னு, தீசிஸ்ல ஒன்னு. வைவாவுல கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க மேடம்."

"தெரியும் சார்."

"பழைய ரிசல்ட் எங்க?"

"இல்ல சார். அழிச்சுட்டேன்."

அவர் மனைவி வைத்த பிஸ்கட்டை நான் தொடவில்லை.

"கையெழுத்து போடறேன். ஆனா வைவாவுல உங்களுக்காக நான் வாயைத் திறக்க மாட்டேன். அதை இப்பவே சொல்லிடறேன்."

"சரி சார்."

ஜூன் 26

புதிய ஐந்தாம் அத்தியாயம். ஒன்பது பக்கம்தான் வந்தது. அதிவேகத்தில் கிடைத்த விடை, அது ஏன் தவறு, எப்படித் தெரிந்தது என்பதற்கும் ஒரு பகுதி எழுதினேன். எழுதாமலும் விட்டிருக்கலாம். வீட்டில் அவர் அதை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஆங்கிலம் என்பதால் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

ஜூன் 28

அச்சுக்கடை. கட்டும் கடை. நாளை மாலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 30, செவ்வாய்

கொடுத்துவிட்டேன்.

பிரதிகளை அவர்தான் தூக்கி வந்தார். அலுவலகத்தில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்ட அலுவலர் அட்டையைத் திருப்பித் தலைப்பை மட்டும் பார்த்தார். வைவாவில் நிராகரிக்கப்படலாம். படும் என்றே நினைக்கிறேன். ஆனால் பதிவு ரத்தாகவில்லை. என் பெயரில், நான் நம்பும் எண்களோடு ஒரு ஆய்வேடு அந்த மேசையில் இருக்கிறது.

திரும்பும்போது பேருந்தில் இடம் கிடைத்தது. மருதமலைப் பக்கம் மழை மூட்டம். லாலி ரோடு வந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப, பதினோரு வருசமாச் சொன்னது தப்புன்னு நீயே எழுதிக் குடுத்துட்ட."

"தப்புன்னு எழுதல. சரின்னு சொல்ல முடியாதுன்னு எழுதினேன்."

"ரெண்டும் ஒன்னுதான?"

"இல்லங்க."

தலையை ஆட்டினார். அவருக்கு வித்தியாசம் புரிந்ததா என்று தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "நாளைக்குக் கம்பெனி வரைக்கும் ஒருக்காப் போலாம்னு இருக்கறேன்" என்றார்.

"எதுக்கு?"

"அந்தப் புதுப் பெஞ்சு இருக்குதில்ல. ஒரே பம்ப்ப ரெண்டு தரம் அதுல மாட்டி ஓட்டிப் பாத்தாங்களான்னு கேக்கோணும். ரெண்டு தரமும் ஒன்னாக் காட்டுதான்னு."

"கேட்டா வேலை திரும்பக் கிடைக்காதுங்க."

"அதுக்கில்ல. பம்ப்பு வாங்கறவன் கெணத்துக்குள்ள எறக்கறான். ஒருத்தனாச்சும் கேக்கோணுமில்ல?"

"அந்தப் பையன் சிரிச்சுட்டு, டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வைப்பார்."

"வெப்பாரு. தெரியுது. கேட்டுட்டு வந்தர்றேன்."

காந்திபுரத்தில் பேருந்து நின்றது. பாதிப் பேர் இறங்கினார்கள். அவர் மடியில் இருந்த காலிப் பையை நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

"நானும் வரேன்" என்றேன்.

"நீ வந்து அங்க என்ன பண்ணப் போற?"

"நீங்க கேட்டதும் சிரிப்பார். சிரிச்சு முடிக்கட்டும். ரெண்டாவது தரம் நான் கேக்கறேன்."